திரும்பாவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம்

சனிக்கிழமை மதியம் பல் டாக்டர் ஒரு செருப்பு டப்பாவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. வந்த மனிதர் மூச்சு வாங்கக்கூட நிற்காமல், "கம்ப்யூட்டர் எங்க?" என்றார்.

"உள்ள வாங்க டாக்டர், முதல்ல தண்ணி குடிங்க" என்றாள் டிரைவரின் மனைவி.

"தண்ணி எங்க போயிடப் போகுது!"

டிரைவர் என்று சொல்கிறோமே தவிர, அவர் பஸ் ஓட்டி இரண்டு வருஷம் ஆகிறது. கழுத்து எலும்பில் இரண்டைச் சேர்த்துத் தகடு வைத்துத் திருகிய பிறகு, டெப்போவில் அவரை டைம் ஆபீஸில் உட்கார வைத்துவிட்டார்கள். எந்த வண்டிக்கு யார், எந்த நேரத்துக்கு யார் என்று பட்டியல் போடுவது வேலை. அங்கே அவருக்கு 'ரோபோ' என்று பெயர். யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் கழுத்தைத் திருப்ப மாட்டார், நாற்காலியோடு மொத்தமாகத் திரும்புவார். அதனால் வந்த பெயர். அவர் அதற்குச் சிரித்துவிடுவார், மனைவிக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நாம் அவரை டிரைவர் என்றே சொல்வோம். இருபது வருஷம் வண்டி ஓட்டிய மனுஷனை நாலு திருகாணி வந்து மாற்றிவிட முடியாது.

ஆபரேஷன் முடிந்து வீட்டில் முடங்கிக் கிடந்த நாட்களில்தான் விமானம் ஓட்டும் விளையாட்டு அவரைப் பிடித்துக்கொண்டது. விளையாட்டு என்று சொன்னால் கோபம் வரும், 'சிமுலேட்டர்' என்று சொல்ல வேண்டும். ஒரு ஜாய்ஸ்டிக், ஒரு பெரிய மானிட்டர், டெப்போவில் கழித்துப்போட்ட ஒரு சுழல் நாற்காலி, அவ்வளவுதான் விமானம். பல் டாக்டருக்கும் அதே பைத்தியம் என்பது ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கும்போது தெரியவந்தது. டாக்டர் ஊசி போட்டுவிட்டு, பொழுது போகட்டும் என்று முந்தின நாள் தான் எந்த மலைக்கு மேல் பறந்தோம் என்று சொல்ல ஆரம்பித்தார். வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்த டிரைவரால் "ஆ" என்றுதான் சொல்ல முடிந்தது. அந்த "ஆ"வில் இருந்த சந்தோஷத்தை டாக்டர் புரிந்துகொண்டார். அன்றிலிருந்து இரண்டு பேரும் கூட்டாளிகள்.

டாக்டர் டப்பாவைத் திறந்தார். உள்ளே இரண்டே சாமான். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய கேமரா ஒன்று, அதை மானிட்டரின் உச்சியில் உட்கார வைத்தார். இன்னொன்று மூன்று வெள்ளிப் பொட்டுகள் ஒட்டிய ஒரு கம்பிக் கிளிப். அதைத் தொப்பியின் முன்பக்கம் செருகித் தொப்பியைத் தலையில் மாட்டினார்.

"இந்தப் பொட்டு மூணையும் கேமரா பார்த்துக்கிட்டே இருக்கும். நான் தலையை இந்தப் பக்கம் இம்மி திருப்பினா..."

மானிட்டரில் விமானி அறை சர்ரென்று திரும்பி, பக்கவாட்டு ஜன்னல் முழுசாக வந்து நின்றது. ஜன்னலுக்கு வெளியே இறக்கை, இறக்கைக்குக் கீழே வயல்.

டிரைவரின் வாய் மறுபடியும் "ஆ" என்றது, இந்தத் தடவை ஊசி இல்லாமலே.

"நிஜத்துல பத்து டிகிரி திருப்பினா, அங்க நூத்துக்கும் மேல திரும்பும். தோளுக்குப் பின்னால வரைக்கும் பார்க்கலாம். தலையைச் சாய்ச்சா படமும் சாயும், தூக்கினா வானம் தெரியும். ஒரே ஒரு தொல்லைதான். எனக்குப் பேசும்போது தலையை ஆட்டற பழக்கம், பாருங்க, இதோ..." அவர் பேசப் பேசத் திரையில் பூமியும் வானமும் கள் குடித்த மாதிரி தள்ளாடின. "அதனால பறக்கும்போது மட்டும் நான் வாயே திறக்கறதில்லை."

"எனக்கு அந்தத் தொல்லையே கிடையாது டாக்டர்" என்று டிரைவர் சிரித்தார்.

டாக்டரும் சிரித்தார். தண்ணீர் கொண்டுவந்த மனைவி சிரிக்கவில்லை.

"நான் உள்ளயே படம் தெரியற, கண்ணுல மாட்டிக்கிற பெரிய கண்ணாடிக்கு மாறிட்டேன். அதனால இதை விலைக்குக் குடுக்கறேன். இன்னொருத்தரும் கேட்டிருக்கார். நாளைக்கு சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். ஓட்டிப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்குங்க, இல்லன்னா டப்பாவுல போட்டுக் குடுத்துடுங்க. என்ன?"

"சரி" என்றார் டிரைவர், வாயால்.

இங்கே இந்த 'சரி'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், பஸ் கிளம்பும் நேரத்தில் ஒரு பெண் ஓடிவந்து, "இது கோர்ட் வழியா போகுமா?" என்று கேட்டாள். டிரைவர் தலையை ஆட்டினார். அவள் ஏறி உட்கார்ந்தாள். பஸ் கோர்ட் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. மறுநாள் அதே நிறுத்தத்தில் நின்று சண்டை பிடித்தாள். "நான் 'போகாது, ஆனா பக்கத்துல விடுவேன்'னு தானேங்க ஆட்டினேன்?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். அப்படி ஒரு ஆட்டல் உண்டா என்று அவள் கேட்க, உண்டு என்று அவர் ஆட்டிக் காட்ட, பேச்சு வளர்ந்து வளர்ந்து கல்யாணத்தில் போய் முடிந்தது.

அவருடைய தலையாட்டலுக்கு ஒரு அகராதியே இருந்தது. அதை முழுசாகப் படித்தவள் உலகத்திலேயே அவள் ஒருத்திதான். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், டாக்டர்களின் கிறுக்கலையே படிக்கிறவளுக்கு இது ஒரு பெரிய விஷயமா? இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, அத்தோடு நின்றால் 'பார்க்கலாம்'. பார்க்கலாம் என்றால் நடக்காது என்று அர்த்தம். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம், கடைசியில் தாடையை இம்மி தூக்கி ஒரு நிறுத்தம். அதுதான் 'சரி'. அது விழுந்துவிட்டால் மனுஷன் தலைகீழாக நின்றாவது செய்து முடிப்பார். வீடு மாறியது, கடன் எடுத்தது, ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டது எல்லாமே அந்த மூன்று சாய்ப்பில் முடிவானவைதான்.

ஆபரேஷனுக்கு அப்புறம் தலை ஆடவில்லை. எல்லாவற்றுக்கும் வாயால் 'சரி' வந்தது. சினிமாவுக்குப் போகலாமா, சரி. சுவருக்கு வேறு நிறம் அடிக்கலாமா, சரி. அவளுக்கு அந்த 'சரி' எதிலும் நம்பிக்கை இல்லை. "வாயால சொல்ற சரியெல்லாம் சரியே இல்லை" என்று கடையில் கூட வேலை செய்கிற பெண்ணிடம் ஒருநாள் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தனக்கே புரியாமல் மாத்திரை அட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டர் போனதும் டிரைவர் வேலையைத் தொடங்கினார். என்ன வேலை? மேஜையைத் துடைத்தார். மானிட்டரைத் துடைத்தார். கேமராவின் வயரை மேஜை ஓரமாக இழுத்து, நாலு இடத்தில் ஒட்டுநாடா போட்டு ஒட்டினார். கிளிப்பை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். முகம் மட்டும் புதுச் சட்டை போட்ட பிள்ளை மாதிரி மின்னிக்கொண்டிருந்தது. ஆனால் தொப்பியைத் தலையில் மாட்டவில்லை.

இப்படி ஒரு சாமானை வாங்கலாமா வேண்டாமா என்று அவர் மூன்று மாசமாக யோசிக்கிறார். அதற்கென்றே ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு பக்கத்தில் 'வாங்கலாம்', எதிர்ப்பக்கத்தில் 'வேண்டாம்'. உலகத்தில் யார் யாரோ போட்ட வீடியோவெல்லாம் பார்த்து, தொப்பியில் மாட்டுவது நல்லதா ஹெட்ஃபோனில் மாட்டுவது நல்லதா என்று கட்டம் கட்டி எழுதியிருந்தார். 'வாங்கலாம்' பக்கம் நிரம்பி அடுத்த தாளுக்குப் போயிருந்தது. 'வேண்டாம்' பக்கத்தில் நாலே நாலு வரி. அதில் ஒன்று 'தொப்பி வியர்க்கும்'. ஒரு சாமானை வேண்டாம் என்று சொல்ல மனுஷனுக்கு வியர்வை ஒரு காரணம் என்றால், நிஜக் காரணம் வேறெங்கோ ஒளிந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

"மூணு மாசமா இதே பாட்டு. வாங்கித் தொலைக்க வேண்டியதுதானே?" என்றாள் மனைவி. மற்ற வீடுகளில் கணவன் ஆசைப்படுவான், மனைவி முட்டுக்கட்டை போடுவாள். இந்த வீட்டில் எல்லாமே தலைகீழ்.

"வாங்கலாம், வாங்கலாம். ஆழம் தெரியாம காலை விடக்கூடாதில்ல?"

"காலை யாருங்க விடச் சொன்னாங்க? தலையைத்தானே விடச் சொல்றாங்க."

"இப்ப வெளிச்சம் சரியில்லை. காலையில மாட்டிப் பார்க்கறேன்."

"கண்டிப்பா?"

"சரி."

அவள் உள்ளே போனாள்.

இந்தச் சாமான் அவருக்கு ஏன் வேண்டும் என்றால், ஒரே ஒரு காரியத்துக்காக. ரன்வேயிலிருந்து கிளம்பி, இடப்பக்கம் இரண்டு தடவை திரும்பி, ரன்வேக்கு இணையாக எதிர்த்திசையில் பறந்து, மறுபடி இரண்டு தடவை திரும்பி அதே ரன்வேயில் இறங்க வேண்டும். ஒரு பெட்டி போட்ட மாதிரி சுற்று. பழகுகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்வது இதுதான். இதில் எப்போது திரும்புவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ரன்வேயின் நுனி இடது தோளுக்குப் பின்னால் போனதும் திரும்ப வேண்டும். அதற்குத் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். ஜாய்ஸ்டிக்கில் பார்வையைத் திருப்ப ஒரு குமிழ் உண்டு. அதை அமுக்கினால் காட்சி தடால் தடாலென்று எகிறும், பார்த்துவிட்டு வருவதற்குள் விமானம் மூக்கைக் கவிழ்த்துக்கொள்ளும். நாற்பத்தோரு தடவை முயன்று நாற்பத்தோரு தடவையும் வயலில்தான் இறங்கினார். அந்த வயல்காரன் நிஜமாக இருந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பான்.

பஸ்ஸில் இந்தச் சிக்கலே கிடையாது. திரும்பிப் பார்க்காதே, கண்ணாடியைப் பார் என்பதுதான் டிரைவருக்கு முதல் பாடம். விமானத்தில் பக்கக் கண்ணாடி இல்லை என்பது ஒரு பெரிய அநியாயமாகவே அவருக்குத் தோன்றியது.

ஞாயிறு காலை பல் துலக்கிய கையோடு வந்து உட்கார்ந்தார். தொப்பியை மாட்டினார், விமானத்தைக் கிளப்பினார். மேலே ஏறினார், இடப்பக்கம் திரும்பினார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. ரன்வே எங்கே என்று பார்க்கும் நேரம் வந்தது. டிரைவர் திரும்பினார், சுழல் நாற்காலியோடு மொத்தமாக.

நாற்காலி கால்வட்டம் அடித்து நின்றது. எதிரே புத்தக அலமாரி. மானிட்டர் வலது தோளுக்கு அந்தப் பக்கம் எங்கேயோ. கேமராவுக்குப் பொட்டு தெரியாமல் போனதால் காட்சி உறைந்து நின்றது. அவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வருவதற்குள் நாற்பத்திரண்டாவது தடவையாக வயல்.

மறுபடி கிளம்பினார். மறுபடி அலமாரி. "இந்தப் பாழாப்போன உடம்பு!" என்று வாய்விட்டுத் திட்டினார். இரண்டு வருஷமாக எதற்கெடுத்தாலும் மொத்தமாகத் திரும்பிப் பழகிய உடம்பு. கழுத்து என்று தனியாக ஒன்று இருப்பதே அதற்கு மறந்துபோயிருந்தது.

சத்தம் கேட்டு மனைவி ஒரு எவர்சில்வர் தட்டில் ஆப்பிள் நறுக்கி எடுத்துக்கொண்டு வந்து, அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். திரையில் விமானி அறை திடீரென்று பேய் பிடித்த மாதிரி சுழல ஆரம்பித்தது. வானம், தரை, இறக்கை, வானம், தரை.

"ஐயையோ! நீ என்ன பண்ணினே?"

"நான் சும்மாதானே நிக்கறேன்!"

"கொஞ்சம் தள்ளிப் போ பார்க்கலாம்."

தள்ளிப் போனாள். சுழற்சி நின்றது. கிட்டே வந்தாள். சுழன்றது. ஜன்னல் வெயில் தட்டில் பட்டுக் கேமராவுக்குள் மின்ன, அது தட்டையும் ஒரு பொட்டு என்று எண்ணிக்கொண்டிருக்கிறது என்பது அவருக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

"நீ பக்கத்துல வந்தாலே உலகமே சுத்துதும்மா" என்றார்.

"இருபத்திரண்டு வருஷம் கழிச்சு இப்பதான் தெரிஞ்சுதா?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் ஆப்பிள் துண்டு ஒன்று தரையில் உருண்டது. அந்தச் சூட்டோடு அவள் காரியத்தில் இறங்கினாள். திரைச்சீலையை இழுத்து மூடினாள். தட்டைக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். பிறகு சுழல் நாற்காலியை உருட்டிக்கொண்டுபோய்க் கூடத்தில் விட்டுவிட்டு, சாப்பாட்டு மேஜையிலிருந்து நாலு கால் மர நாற்காலியைத் தூக்கி வந்து போட்டாள்.

"இதுல உக்காருங்க. இது எந்தப் பக்கமும் திரும்பாது."

டிரைவர் உட்கார்ந்தார். ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தார். ரன்வே எதிரே நீண்டு கிடந்தது. கை நகரவில்லை.

"ஏங்க, கிளம்பலையா?"

"கேமரா கொஞ்சம் சூடாகட்டும்."

"அது என்ன இஸ்திரிப் பெட்டியா, சூடாக?"

அவருக்குக் காலையிலிருந்து இருந்த பரபரப்பெல்லாம் வடிந்து, முகம் தொங்கிப்போயிருந்தது. அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் எழுந்து போகவும் இல்லை.

"போன மாசம் ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?" என்று அவர்தான் ஆரம்பித்தார். "கீழ ரெண்டு எலும்புதான் சேர்த்திருக்கு, மேல இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்கதான் அசைக்க மாட்டேங்கறீங்க, பயப்படாம திருப்புங்கன்னாங்க. நானும் சரின்னேன்."

"ஆமா. வாயால சொன்னீங்க."

"திருப்பவே இல்லை. ஒரு தடவைகூட. இப்ப வரைக்கும் நான் திருப்பலைன்னுதானே இருக்கு? திருப்பிப் பார்த்து, திரும்பலைன்னு வெச்சுக்கோ... அப்புறம் திருப்ப முடியலைன்னு ஆயிடும். ரெண்டும் ஒண்ணா? பல் டாக்டர் பத்து டிகிரி போதும்னுட்டுப் போயிட்டார். அந்தப் பத்துகூட என்கிட்ட இல்லைன்னா?"

ஆக, நோட்டுப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட ஐந்தாவது வரி இதுதான். வியர்வையாம், வியர்வை! அவளோ மூன்று மாசமாக மனுஷன் கஞ்சத்தனம் பண்ணுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. ஆறுதலாக நாலு வார்த்தை சொல்லலாம் என்று வாயெடுத்தாள். ஆனால் அவளுக்கு அதெல்லாம் வராது.

"திரும்பலைன்னா திருப்பிக் குடுத்துடலாம். டப்பா இங்கதானே இருக்கு" என்றாள்.

டிரைவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். என்ன சொன்னோம் என்று அவளுக்கே அப்போதுதான் புரிந்தது, அவளும் சிரித்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து அதையும் சிரிக்க வைத்துவிட்டாள் இந்தப் பெண்.

"ஆனது ஆகட்டும். தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன, முழம் என்ன? சாப்பிட்டுட்டு வந்து ஒரே மூச்சுல பார்த்துடலாம்."

சாப்பிட்டார்கள். அவர் வேகவேகமாக விழுங்கினார், அவள் அதைவிட வேகமாகப் பாத்திரத்தை ஒழித்துப் போட்டாள். இரண்டு மணிக்கு மறுபடி மர நாற்காலி. முதல் இரண்டு முயற்சியில் சும்மா நேராகப் போய் வந்தார், கை பழக. கழுத்தை அசைக்கவில்லை. மூன்றாவது தடவை விமானம் மேலே ஏறி, திரும்பி, ரன்வேக்கு இணையாக வந்து சேர்ந்தது.

"இப்ப" என்றாள் அவள். அவளுக்கு விமானத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர் தோள் இறுகியது மட்டும் தெரிந்தது.

டிரைவர் மெல்ல, புது வண்டியை டெப்போ வாசலிலிருந்து வெளியே எடுக்கிற மாதிரி மெல்ல, கழுத்தை இடப்பக்கம் விட்டார். உடம்பும் கூடவே திரும்பப் பார்த்தது. நாற்காலி விடவில்லை. கழுத்து மட்டும் போனது. ஒரு டிகிரி. காட்சி நகர்ந்தது. இரண்டு. பக்கத்து ஜன்னலின் ஓரம். உள்ளே எங்கேயோ ஒரு இழுப்பு, வலி இல்லை, வெறும் இழுப்பு. இன்னும் கொஞ்சம். ஜன்னல் முழுசாக வந்தது, இறக்கை வந்தது. இன்னும். இறக்கைக்குப் பின்னால், மஞ்சளும் பச்சையுமாக வயலுக்கு நடுவே, சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"ரன்வே!" என்று கத்தினார். "அதோ, அதோ! ரன்வே! என் தோளுக்குப் பின்னால! பார்த்தியா, பின்னால தெரியுது!"

"பார்த்தேன், பார்த்தேன்! முன்னால பாருங்க!"

முன்னால் பார்த்தார். மூக்கு கவிழவில்லை. மறுபடி பின்னால் பார்த்தார், வேண்டுமென்றே. ரன்வேயின் நுனி தோளைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. இதுதான் இடம். ஜாய்ஸ்டிக்கைச் சாய்த்தார். விமானம் திரும்ப, அவர் பார்வை ரன்வேயை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தது. பின்னாலிருந்து பக்கத்துக்கு, பக்கத்திலிருந்து முன்னால். நாற்பது சொச்சம் தடவை கண்ணாமூச்சி ஆடிய ரன்வே, கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தது. இரண்டாவது திருப்பம். இப்போது அது நேர் எதிரே, இரண்டு ஓரமும் சமமாக விரிந்து கிடந்தது. டிரைவரின் கண்ணில் நீர் கோத்துவிட்டது. துடைக்கக் கை இல்லை. ஒரு கை ஜாய்ஸ்டிக்கில், ஒரு கை வேகத்தைக் குறைக்கும் நெம்புகோலில்.

சரியாக அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அவள் எடுத்து எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"நான்தான் பல் டாக்டர். அந்த இன்னொருத்தர் ஆறு மணி வரைக்கும் பொறுக்க மாட்டேங்கறார், இங்கயே வந்து உக்காந்துட்டார். என்ன முடிவு பண்ணினீங்க?"

டிரைவர் வாயைத் திறக்கவில்லை. திறக்க நேரமும் இல்லை, உயரம் குறைந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ரன்வேயையே பார்த்தார்.

"ஒரு நிமிஷம் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அவள் கேட்டாள், "ஏங்க, வாங்கிடலாமா?"

அவருடைய முதுகுதான் அவளுக்குத் தெரிந்தது. தோள் அசையவில்லை, தொப்பி அசைந்த மாதிரியே இல்லை. ஆனால் திரையில் அடிவானம் ஒரு பக்கம் சாய்ந்தது.

விமானம் நேராகத்தான் போய்க்கொண்டிருந்தது, சாய்ந்தது பார்வை. அடிவானம் மறுபக்கம் சாய்ந்தது. அவள் ஃபோனை இறுகப் பிடித்தாள். இரண்டோடு நின்றால் 'பார்க்கலாம்'. நிற்க வேண்டாம், கடவுளே, நிற்க வேண்டாம். அடிவானம் மறுபடி முதல் பக்கமே சாய்ந்தது. கொஞ்சம் நிமிர்ந்தது. திரை முழுக்க ஒரு நொடி வானம் நிறைந்து, நின்று, கீழே இறங்கி ரன்வேக்கு வந்தது.

"ஹலோ? ஹலோ? என்ன சொல்றார்?" என்று ஃபோன் கேட்டது.

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எடுத்துக்கறோம் டாக்டர். அவரை வேற பார்த்துக்கச் சொல்லுங்க" என்றாள்.

"அவர் ஒண்ணுமே சொல்லலையே?"

"சொல்லிட்டார்."

சக்கரம் தரையில் பட்டது. விமானம் ஒரு துள்ளு துள்ளியது, இன்னொரு துள்ளு, மூன்றாவதாக ஒரு சின்னத் துள்ளு. பஸ்ஸாக இருந்தால் பயணிகள் எல்லோரும் எழுந்து நின்று திட்டியிருப்பார்கள். அப்புறம் உருண்டு உருண்டு ரன்வேயின் நடுவிலேயே நின்றது. வயல் தொலைவில் பத்திரமாகக் கிடந்தது.

டிரைவர் கையைத் தூக்கி ஒரு கூச்சல் போட்டார். கீழ்வீட்டுக்காரர் தரையில் ஏதோ விழுந்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். பிறகுதான் அவருக்கு ஃபோன் ஞாபகம் வந்தது.

"என்ன, டாக்டர்கிட்ட வாங்கிக்கறோம்னு சொல்லிட்டே? நான் வாயே திறக்கலையே!"

"தலையாட்டினீங்க."

"நானா?"

"நீங்கதான். மூணு தடவை. கடைசியில தாடையும் தூக்கினீங்க."

அவர் கை தானாகத் தொப்பிக்குப் போனது. தொட்டுப் பார்த்தார், பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். நம்ப முடியாமல் அவளைப் பார்க்கத் திரும்பினார். நாற்காலி திரும்பவில்லை.

"இன்னொரு தடவை கேளு" என்றார்.